நேரம் தெரியாத நர்சம்மா

எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு வகை ஐந்து நிமிடம் புழக்கத்தில் இருந்தது. ஒன்று சுவர்க் கடிகாரம் காட்டுவது. இன்னொன்று நர்சம்மா சொல்வது. "அஞ்சே நிமிசம், இந்தா வந்துர்றேன்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனால், விவரம் தெரிந்தவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் அது ஒரு கணக்காகவே ஆகிவிட்டது. சந்தைக்குப் போன புருஷன் பொழுது சாய்ந்து வீடு திரும்பினால், "என்ன, நர்சம்மா அஞ்சு நிமிசமா?" என்று பெண்கள் கேட்டார்கள்.

நான் அங்கே கம்பவுண்டர். புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி போகும் வழியில், பாறையும் பொட்டலும் நடுவில் ஒரு கண்மாயுமாக இருந்த ஊர். சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து சில வருடங்கள் கழித்துத்தான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். ஓட்டுக் கட்டடம். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர், மருந்து கலக்கிக் கொடுக்க நான், பிரசவம் பார்க்க அந்த அம்மா. அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு யாரென்று புரியாது. எல்லோருக்கும் அவர் நர்சம்மாதான்.

முப்பத்தைந்து வயதிருக்கும். அறந்தாங்கிப் பக்கம். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிறகு படித்து, வேலைக்கு வந்தவர். நல்ல உயரம், அகலமான கைகள். அந்தக் கைகளில் பிறந்த குழந்தையை வைத்தால் தொட்டிலில் கிடப்பதுபோல் கிடக்கும்.

சோம்பேறி என்று சொல்லிவிட முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் சோம்பேறி இல்லை. விடிந்ததிலிருந்து ஏதாவது செய்துகொண்டேதான் இருப்பார். மறதிக்காரரும் இல்லை. எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எப்போது பல் முளைத்தது என்பதுவரை நினைவில் வைத்திருப்பார். இடது மணிக்கட்டில் கடிகாரமும் உண்டு. காலையில் எழுந்ததும் அதற்குச் சாவி கொடுப்பார். நாடி பிடித்தால் ஒரு துடிப்புக்கூடத் தப்பாது.

"கையில வாட்ச் இருக்குல்ல நர்சம்மா, ஒரு தடவ பாக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாக்கத்தான் செய்றேண்ணே. பாத்தா பத்துன்னு தெரியுது. அடுத்த தடவ பாத்தா ஒண்ணுன்னு தெரியுது. நடுவுல போனதுதான் எங்க போச்சுன்னு தெரிய மாட்டேங்குது" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. காணாமல் போன பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

தலை குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்த வெயிலில் நிற்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று தவழ்ந்து வரும். அதைத் தூக்கி எண்ணெய் தேய்க்க ஆரம்பிப்பார். அதன் அக்காள் வருவாள், அவளுக்குப் பேன் பார்ப்பார். பிறகு எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் காது குடைந்து மருந்து ஊற்றுவார். காலையில் ஈரத் தலையோடு நின்றவர், மத்தியானம் நான் சாப்பிட்டுத் திரும்பும்போதும் பின்னாத தலையோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார். அடுப்பில் வைத்த உலை சுண்டிப்போய்ப் பானையே கருகியிருக்கும்.

மாதத்துக்கு ஒரு தடவை புதுக்கோட்டையில் பிரசவம் பார்க்கும் நர்சுகளுக்கெல்லாம் கூட்டம். ஒரு மாதம், தவறவே கூடாது என்று வெள்ளெனவே போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். அங்கே புளியமரத்துக்குப் பின்னால் ஒரு ஆடு குட்டி போட முடியாமல் கத்திக்கொண்டிருந்தது. நர்சம்மா போனார். பஸ் வந்தது, கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்தார், பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. கூட்டம் முடிகிற நேரத்துக்குச் சேலையெல்லாம் ரத்தமும் மண்ணுமாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார்.

"ரெண்டு குட்டி சார். ரெண்டும் நல்லாருக்கு" என்றார் டாக்டரிடம்.

"ஆட்டுக்குப் பிரசவம் பாக்கவா சர்க்கார் ஒங்களப் போட்டிருக்கு?" என்று டாக்டர் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். நான்தான் மருந்து அறைக்குள் போய்ச் சிரித்தேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்கள் அவரை விரும்பியதற்கும் இதே குணம்தான் காரணம். வலி எடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் அசையவே மாட்டார். மற்றவர்கள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்பார்கள், முக்கு முக்கு என்று அதட்டுவார்கள். நர்சம்மா ஒரு நாள் முழுக்க அவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர் மாதிரி பேசிக்கொண்டிருப்பார். அவசரம் என்ற ஒன்று அந்தக் கைகளில் கிடையாது. "அந்தம்மா வந்து ஒக்காந்துட்டா பாதி வலி கொறஞ்சுரும்" என்று ஒரு பெண் என்னிடம் சொல்லியிருக்கிறாள். வந்து உட்காருவதில்தான் சிக்கல்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மைல் தள்ளி மேலப்பட்டி. அங்கே கருப்பையா என்ற விவசாயி. வானம் பார்த்த நிலம் கொஞ்சம், ஒரு ஜோடி மாடு, தாயார், மனைவி செல்லாயி. செல்லாயிக்குத் தலைப்பிரசவம். ஒரு நாள் காலையில் கருப்பையா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"வலி எடுத்திருச்சும்மா. ஒங்களக் கூட்டியாரச் சொல்லுச்சு எங்க ஆத்தா."

"கத்திரியக் கொதிக்க வச்சு எடுத்துக்கிறேன். தலச்சன்தானே, நிதானமாத்தான் ஆகும். நீங்க முன்னால போங்க, அஞ்சு நிமிசத்துல பின்னாலயே வந்துர்றேன்" என்றார் நர்சம்மா.

பதற்றத்தில் இருந்த மனிதர். நம்பிக்கொண்டு போய்விட்டார்.

நர்சம்மா ஏமாற்றவில்லை. சொன்னபடி பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டதை நானே பார்த்தேன். போகிற வழியில் களத்துத் தெருவில், முந்தின வாரம் பெற்ற ஒரு பெண் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தாள். ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்திருக்கிறார்.

மத்தியானம் கருப்பையா மறுபடி வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"நர்சம்மா எங்கய்யா?"

"அங்க வரலையா?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு களத்துத் தெருவுக்குப் போனேன். அவர் சுடுதண்ணீரில் துணியை நனைத்து அந்தப் பெண்ணுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இறங்கி அவள் நன்றாகவே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. இப்பத்தான் வந்தேன். இதக் கொஞ்சம் எறக்கி விட்டுட்டு மேலப்பட்டிக்குக் கெளம்பணும்" என்றார்.

"மத்தியானமாயிருச்சு நர்சம்மா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டார். கருப்பையா முன்னால் மிதித்தார். மேலப்பட்டி எல்லையில் நுழையும்போதே பெண்கள் சத்தம் கேட்டது. குழந்தைச் சத்தம் கேட்கவில்லை.

தொப்புள் கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. அதைத் தளர்த்தி எடுக்கத் தெரிந்த கை அந்த வீட்டில் இல்லை. நர்சம்மா அந்தக் குழந்தையை வாங்கி, வாயைத் துடைத்து, ஊதி ஊதிப் பார்த்தார். யாராவது போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது. செல்லாயியின் மாமியார்தான் சொன்னார். பிறகு நர்சம்மா செல்லாயிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். மாமியார் கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்வீங்க தாயி, எங்களுக்குக் குடுப்பன இல்ல" என்றார். செல்லாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

திரும்பி வரும்போது நர்சம்மா கண்மாய்க் கரையில் சைக்கிளை நிறுத்தச் சொன்னார்.

"அண்ணே, களத்துத் தெரு வீட்டுல நான் எவ்வளவு நேரம் இருந்தேன்?"

"மூணு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

"எனக்குக் கால் மணி மாதிரிதான் இருந்துச்சு. பொய் சொல்லலண்ணே." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மத்தவங்களுக்கெல்லாம் தெரியுமா? உள்ளுக்குள்ள, இவ்வளவு ஆச்சுன்னு?"

"தெரியும். பசிக்கிறது தெரியிற மாதிரி."

"எனக்கு அது இல்ல" என்றார். "இத்தன நாளும் எல்லாரும் என்ன மாதிரித்தான், அவங்களுக்குச் சாமர்த்தியம் கூடன்னு நெனச்சிருந்தேன்."

மறுநாள் டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். நர்சம்மாவுக்கு மாற்றல் கேட்டு மேலே எழுதப் போவதாகச் சொன்னார். கண்டிப்பானவரே தவிரக் கெட்டவர் இல்லை. அவர் பேச்சில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. நர்சம்மா அழவில்லை.

"எழுதுங்க சார். ஆனா எங்க மாத்தினாலும் நான்தானே சார் அங்க போவேன். அங்கயும் ஒரு செல்லாயி இருப்பா. தை வரைக்கும் விடுங்க. என்னையச் சரி பண்ண முடியாது. நான் வேலை பாக்குற விதத்தைச் சரி பண்ண முடியும்னு தோணுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எதை நம்பி ஆட்டினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

நர்சம்மா முதலில் விட்டது அந்த ஐந்து நிமிடத்தை. அந்தச் சொல்லே அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. கூப்பிட வந்த ஆளை முன்னால் அனுப்புவதும் நின்றது. "ஒங்க கூடவே வாரேன். வழியில எந்த வீட்டுப் பக்கம் திரும்பினாலும் கையப் பிடிச்சு இழுங்க. கோவிச்சுக்க மாட்டேன்" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தார். முதலில் தயங்கினார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிற அம்மாவைக் கையைப் பிடித்து இழுப்பதா? பிறகு பழகிப்போனது. புருஷன்மார் கூச்சப்பட்டுத் தங்கைகளையும் அண்ணிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவில் ஒரு பெண் நர்சம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதும், அவர் வாசல் வாசலாகத் தலையைத் திருப்பி, "அப்புறம் வாரேன் ஆத்தா, இப்பப் பேச்சுக் குடுக்காத" என்று சொல்லிக்கொண்டு பின்னால் ஓடுவதும் எங்கள் ஊரில் வழக்கமான காட்சியாயிற்று.

அடுத்தது அந்தப் பை. முன்பெல்லாம் ஆள் வந்த பிறகுதான் கத்திரியைக் கொதிக்க வைப்பார், பஞ்சைத் தேடுவார். இப்போது ஒரு பிரசவம் முடிந்து வந்ததும், தான் குளிப்பதற்கு முன்னால் பையைத் தயார் செய்துவிடுவார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கும். பை ஆணிக்குப் போகாமல் அவர் அடுப்பங்கரைக்குப் போவதில்லை.

பிறகு ஊதுவத்தி. இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. வீடுகளுக்குப் பார்க்கப் போகும்போது ஒரு கட்டு ஊதுவத்தியும் தீப்பெட்டியும் கொண்டுபோவார். உள்ளே நுழைந்ததும் ஒன்றைக் கொளுத்திச் சுவர் இடுக்கில், கண்ணுக்கு நேராகச் செருகுவார். சாமிக்குத்தான் ஏற்றுகிறார் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாமிக்கு இல்ல, எனக்கு. இது கரைஞ்சு போறது கண்ணுக்குத் தெரியுதுல்ல. இது முடிஞ்சதும் நான் எந்திரிச்சுருவேன். பாதிப் பேச்சா இருந்தாலும் எந்திரிச்சுருவேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

ஒரு வீட்டில் அவர் குனிந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பெண் அணையப் போகிற வத்தியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொளுத்தி அதே இடத்தில் செருகிவிட்டாளாம். நர்சம்மா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்ற ஆசையில். அன்றிலிருந்து வத்தியையும் தீப்பெட்டியையும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

இவ்வளவு செய்தும் பிரசவத்துக்கு நேரத்தில் போய்ச் சேருவது அவருக்குப் பெரிய கவலையாகவே இருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டார். மாதம் நெருங்கிய பெண்கள் யார் யார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, நாள் நெருங்க நெருங்க அந்த ஊருக்கே போய்த் தங்கிவிடுவார். ஒரு பாய், ஒரு மாற்றுச் சேலை. அங்கிருந்தபடியே அந்த ஊர்க் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வார்.

"நேரத்துக்குப் போறது எனக்கு வராதுண்ணே. முன்னாடியே போயிர்றது வரும்" என்று என்னிடம் சொன்னார்.

தை வந்தது, போனது. டாக்டர் மேலே எழுதவில்லை. புதுக்கோட்டைக் கூட்டத்துக்கும் நர்சம்மா போய் வந்துகொண்டிருந்தார். கூட்டத்துக்கு முந்தின நாளே கிளம்பி அங்கே ஒரு உறவினர் வீட்டில் தங்கிவிடுவார்.

ஆனால் மேலப்பட்டியில் செல்லாயி வீட்டுப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, செல்லாயி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. கருப்பையா டாக்டரிடம் வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"வேற நர்சம்மா யாரையாச்சும் அனுப்ப முடியுங்களாய்யா? எனக்கு ஒண்ணுமில்ல. அவதான் இந்தம்மா வேண்டாங்குறா."

வேறு யாரும் இல்லை என்றார் டாக்டர். நர்சம்மா உள்ளே இருந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று சாயந்திரமே மேலப்பட்டிக்குப் போனார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்தை மூட்டை கட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். செல்லாயி கொல்லையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"ஒன் புள்ள குடுப்பன இல்லாமப் போகல. நான் வராமப் போச்சு. ஒங்க மாமியா நல்ல மனசுல வேற மாதிரி சொன்னாங்க. நான் அத ஏத்துக்கல" என்றார் நர்சம்மா.

செல்லாயி உதறுவதை நிறுத்தினாள்.

"வந்தா இங்கயேதான் இருக்கணும்" என்றாள். "அங்கிட்டுப் போயிட்டு வாரேன், இங்கிட்டுப் போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அவள் நாள் நெருங்கியதும் நர்சம்மா பாயோடு போய் அந்த வீட்டில் தங்கினார். சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றியிருப்பார். ஆனால் செல்லாயிக்கு மெல்ல வலி எடுத்திருந்த அந்தக் காலையில்தான், பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். அவன் தங்கை பெற்றுவிட்டாள், நஞ்சுக் கொடி விழவில்லை, ரத்தம் நிற்காமல் போகிறது என்றான். டாக்டர் புதுக்கோட்டை போயிருந்தார். நான் ஊசியும் மருந்தும் எடுத்துக்கொண்டு மேலப்பட்டிக்குச் சைக்கிளை விட்டேன்.

சொன்னதும் நர்சம்மா செல்லாயியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வலிக்கு வலி இடைவெளி பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செல்லாயி, ஒனக்கு இன்னும் பொழுது இருக்கு. அங்க அந்தப் புள்ளைக்கு இல்ல. ஒரு வத்தி எரியிற நேரம். ஒங்க வீட்டுக்காரர் என் கூட வரட்டும். வத்தி அணைஞ்சா அவர் என்னையக் கொண்டாந்து சேக்கட்டும். நான் எந்திரிக்கலன்னா தூக்கிக்கிட்டு வரட்டும்."

செல்லாயி அவரைப் பார்க்கவில்லை. கருப்பையாவைப் பார்த்தாள். "அந்தம்மாவ விட்டுட்டு வந்துராத" என்றாள்.

அந்த ஊர் பக்கம்தான். கருப்பையா கேரியரில் நர்சம்மாவை ஏற்றிக்கொண்டு மிதித்தார். நான் பின்னால் போனேன். உள்ளே போனதும் நர்சம்மா ஊதுவத்தியைக் கொளுத்தி நிலைக்கதவின் இடுக்கில் செருகினார். கருப்பையா அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பூசை பார்க்கிறவர்கூட ஒரு வத்தியை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

நர்சம்மாவின் குரல் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மெதுவான, அவசரமே இல்லாத குரல். ஊசியைக் கேட்டார், கொடுத்தேன். கொஞ்சத்தில் நஞ்சுக் கொடி விழுந்துவிட்டது என்று ஒரு பெண் வந்து சொன்னாள். ரத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தாயார், "போயிராதீங்க தாயி, பயமா இருக்கு, கூட இருங்க" என்று அழுதுகொண்டிருந்தார். நர்சம்மா அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

வத்தி அணைந்தது. சாம்பல் வளைந்து கீழே விழுந்தது.

"அம்மா" என்றார் கருப்பையா.

கதவுக்குப் பின்னால் குரல் நின்றது. "இப்பத்தானே பத்த வச்சேன்?"

நர்சம்மா வாசலுக்கு வந்து அந்தக் குச்சியைப் பார்த்தார். தலை முடி கலைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எனக்கு இப்பத்தான் வந்த மாதிரி இருக்கு. ஆனா அது பொய்" என்றார். உள்ளே திரும்பி அந்தத் தாயாரின் கையைப் பிடித்து மகளின் அடிவயிற்றில் வைத்தார். "இங்க தேச்சுக்கிட்டே இருங்க. தேங்கா மாதிரி கட்டியா இருக்கணும். எளகுச்சுன்னா வெளிய கம்பவுண்டரய்யா இருக்காரு, சொல்லுங்க. நான் இங்க இருந்தாலும் இதத்தான் செய்வேன்." அந்த அம்மாள் சேலையைப் பிடித்துக்கொண்டார். நர்சம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டுவிட்டு வெளியே வந்தார். சைக்கிளில் ஏறும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் ஏறிவிட்டார்.

நான் சாயந்திரம்வரை அங்கேயே இருந்தேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கருப்பையா ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பொம்பளப் புள்ளய்யா" என்றார். "நாங்க போய் எறங்கினதும் பெரிய வலி எடுத்திருச்சு. நான் வெளிய நின்னேன். புள்ள விழுந்திருச்சுன்னு ஆத்தா சொல்லுது, சத்தமே இல்ல. போன தடவ மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன். அந்தம்மா ஊதுறது மட்டும் கேட்டுச்சு. ஊதுது, ஊதுது. அப்புறம் அழுதுச்சுய்யா." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு திருச்சிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு கட்டு ஊதுவத்தி வாங்கிவந்து நர்சம்மாவின் மேஜையில் வைத்துவிடுவார். யார் வைத்தது என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

நேரத்துக்கு வருவதும் போவதும் ஒருவர் வளர்ப்பிலோ ரத்தத்திலோ வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அது கஷ்டப்படாமல் வந்தது, அதனால் அதைப் பெருமையாகவும் வைத்திருந்தேன். நர்சம்மாவைப் பார்த்த பிறகு அந்தப் பெருமை போயிற்று. கால் நன்றாக இருக்கிறவன் நடப்பதில் என்ன இருக்கிறது? தனக்கு இன்னது இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல், பையையும் வத்தியையும் அடுத்தவர் கையையும் துணைக்கு வைத்துக்கொண்டு நேரத்தை ஆண்டவர் அவர். அவரளவுக்கு ஒழுங்காக வேலை பார்த்தவர் எங்கள் ஆஸ்பத்திரியில் பிறகு யாரும் இல்லை. நான் உட்பட.

சில வருடங்களில் அவரைப் புதுக்கோட்டைக்கு மாற்றினார்கள். தண்டனையாக இல்லை, பதவி உயர்வோடு. பிரசவ வார்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. மேலப்பட்டியிலிருந்து ஒரு வண்டி நிறையப் பெண்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். செல்லாயி இடுப்பில் மகளோடு நின்றாள். பஸ் வந்ததும் அவள்தான் நர்சம்மாவை முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டாள்.

அறுபதுகளின் நடுவில் என் மகள் பிரசவத்துக்காக அந்த வார்டுக்குப் போனேன். நர்சம்மாவுக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, ஊரில் ஒவ்வொருவராக விசாரித்தார். யார் குழந்தை என்ன படிக்கிறது, யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று. பிறகு தன் அக்காள் மகனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். ரொம்ப நாள் மனதில் வைத்திருந்து யாரிடமும் சொல்லாதது போலிருந்தது. குரல் தாழ்ந்தது.

அப்போது ஒரு இளம் நர்ஸ் வந்து அவர் எதிரில் நின்றாள். ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றாள். நர்சம்மா அவளைப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வார்டுக்குள் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காள் மகனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து என் பேரன் அழுகிற சத்தம் கேட்டது.